மஞ்சள் தடவ முடியாத எட்டு

திண்டிவனத்தில் இருபத்தாறு வருஷமாக நான் கணக்கு வாத்தியார். மகளின் கல்யாணப் பத்திரிகையை அச்சுக்குக் கொடுக்கப் புறப்பட்ட அன்று சம்பந்தி போன் பண்ணினார். மயிலம் பக்கத்து விவசாயி, தன்மையான மனுஷர். என் போன் நம்பரைக் கூட்டினால் எட்டு வருகிறதாம். அது பத்திரிகையில் ஏறினால் அவர் தங்கச்சி வீட்டார் பந்தலுக்கே வரமாட்டார்களாம். ஆறு வருகிற மாதிரி வேறொன்று வாங்கிப் போடச் சொன்னார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பத்து, நூறு, கோடி, எதை ஒன்பதால் வகுத்தாலும் மீதி ஒன்று. அதனால் இலக்கங்களைக் கூட்டிக்கொண்டே போவதும், ஒன்பதால் வகுத்து மீதி பார்ப்பதும் ஒரே வேலைதான். தொள்ளாயிரம் கோடியைத் தாண்டிய என் நம்பர் செய்த குற்றம், எட்டை மீதி வைத்தது. அப்படிப்பட்ட எண் எந்த எண்ணின் வர்க்கமாகவும் இருக்க முடியாது; அதைத் தவிர அதற்கு வேறொரு குறையும் கிடையாது. ஒன்பது பேரில் ஒருத்தருக்கு எட்டுதான் வாய்க்கும். அத்தனை பேர் வீட்டிலும் கல்யாணம் நின்றா போச்சு?

இதையெல்லாம் சம்பந்தியிடம் சொல்லவில்லை. என் பெண்டாட்டியிடம் சத்தம் போட்டுச் சொன்னேன். சொல்லிவிட்டு விழுப்புரத்துக்குப் பஸ் ஏறினேன். திண்டிவனத்தில் சிம் கார்டு விற்பவர்கள் எல்லாம் என்னிடம் படித்தவர்கள். என் முகத்தை எங்கே கொண்டு வைப்பது?

கடையில் வேர்த்துக் கொட்ட ஒவ்வொரு நம்பராய்க் கூட்டினேன். ஒன்றில் ஐம்பத்தொன்று வந்தது. ஐந்தும் ஒன்றும் ஆறு. வாங்கிக்கொண்டு நேரே அச்சகத்துக்குப் போனேன்.

பத்திரிகைகள் வந்ததும் மூலைக்கு மஞ்சள் தடவ உட்கார்ந்தோம். மகள் ஒன்றை எடுத்து விரல் விட்டுக் கூட்டினாள்.

"அப்பா, ஐம்பத்திமூணு வருது. கடைசியில ஒரு ரெண்டு இருக்குது, அதை வுட்டுட்டு கூட்டிக்கினு வந்திருக்கிற."

மறுபடியும் எட்டு. இலக்கத்தை விட்ட பிள்ளைகளின் தலையில் எத்தனை குட்டு வைத்திருப்பேன். அந்த ரெண்டின் மேல் மஞ்சளை அப்பிவிடலாமா என்று கேட்டேன். மறைத்தால் ஆறு வரும்.

"வரும். ஒம்போது நம்பர்தான் இருக்கும். யாரு உனக்கு போன் பண்றது?"

மூலையில் மட்டும் தடவிக் கொடுத்தனுப்பினோம். நாலு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் புது நம்பருக்குச் சம்பந்தி கூப்பிட்டார்.

"பத்திரிகை அம்சமா இருக்குதுங்க. தங்கச்சி வூட்ல எல்லாரும் வர்றாங்க."

"நம்பரைக் கூட்டிப் பாத்தீங்களா?" என்றேன்.

"நீங்க கணக்கு வாத்தியாரு. நாங்க வேற கூட்டணுமா சம்பந்தி?"

வகுத்தலையும் மீதியையும் விளக்க இதைவிட நல்ல சமயம் வாய்க்காது. "வேண்டாங்க" என்றேன்.