பெரிய கம்பெனி சொல்லாத வார்த்தை

அன்னைக்கு ஜெபத்துக்கு இருந்தது நாலே பேருங்க. பாஸ்டர் ஐயா, என் அக்கா ராகேல், என் சம்சாரம் மேரி, நான். நல்ல மழை, வேற யாரும் வரலை. 2006 ஐப்பசி, ஒரு ஞாயித்துக்கிழமை.

நான் ஏழாவதோட நின்னவன். திருப்பூர்ல பனியன் கம்பெனியில அயர்ன் மாஸ்டர். எதுக்கும் பயம். கதவைப் பூட்டிட்டு மூணு தடவை இழுத்துப் பார்ப்பேன். அப்படிப்பட்டவன்தான், போஸ்ட் ஆபீஸ்ல போடச் சொல்லி அக்கா கொடுத்த அறுபதாயிரத்தை ஷேர்ல போட்டேன். செக்கிங் செக்‌ஷன்ல பதினெட்டு வருசம் நின்னு, கால் வீங்கி, அவ சேர்த்த காசு. வேலையை விட்டுட்டு ஊட்டுல உக்காரணும்னு வச்சிருந்தது.

ஒரு சின்ன கம்பெனி கடல்ல கேஸ் தேடுது, பெரிய எரிசக்தி கம்பெனி ஒண்ணு அதோட கூட்டுச் சேரப்போகுதுன்னு காதர்பேட்டை பக்கம் ஷேர் ஆபீஸ்ல பேச்சு. எங்க ஊர்ல பனியன் வாங்க வர்ற பையர் தலையாட்டினாலே, ஆர்டர் கைக்கு வரும் முன்னாடியே நூல் வாங்கிருவோம். அதே நெனப்பு எனக்கு.

பெரிய கம்பெனி சேருறோம்னும் சொல்லலை, சேரலைன்னும் சொல்லலை. தினம் ஒரு வதந்தி. விலை பாதிக்கு வந்துருச்சு. சோறு எறங்கலை. "ஆண்டவரே, அவங்க வாயில இருந்து ஒரு வார்த்தை வரட்டும்." ரெண்டு மாசம் இதே ஜெபம், இதே ஏக்கம். மேரி செயினை அடகு வச்சு இன்னும் வாங்கலாமான்னுகூட நெனச்சேன்.

"ஜெபக் குறிப்பு ஏதாச்சும் இருக்குதுங்களா?" பாஸ்டர் கேட்டார்.

"கடலுக்குள்ள கேஸ் தேடுற கம்பெனிக்காக ஜெபிக்கணுங்க."

அக்கா சிரிச்சுட்டா. "கடல்ல இருக்குதோ இல்லியோ, உன்ற வயித்துல இருக்குது. பட்டாணி திங்காதேன்னா கேக்கறியா?"

எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு அழுகை வந்துருச்சு. "அக்கா, உன் பணம் போஸ்ட் ஆபீஸ்ல இல்ல." எல்லாத்தையும் சொன்னேன். என் வாயை ஆண்டவர்தான் திறந்தார்.

அக்கா வீங்கின காலைத் தடவிக்கிட்டா. அப்புறம் சொன்னா: "நாளைக்கே வித்துட்டு வா கண்ணு. மிச்சத்தை மாசாமாசம் குடு. பொய் மட்டும் இனிச் சொல்லாத. நான் இன்னுங் கொஞ்ச நாள் வேலையில நின்னுக்கறேன்."

பெரிய கம்பெனி வாயில இருந்து வரட்டும்னு நான் கேட்ட வார்த்தை அக்கா வாயில இருந்து வந்தது. அன்னைக்கு சோறு எறங்குச்சு.

திங்கக்கிழமை வித்தேன். இருபத்தெட்டாயிரம் கெடச்சது. அதுக்கப்புறம் ஷேர் ஏறுச்சா, பெரிய கம்பெனி சேர்ந்துச்சான்னு விசாரிக்கவே இல்லீங்க. நானா இதுன்னு மேரிக்கே ஆச்சரியம்.

உங்க நெஞ்சிலயும் சொல்ல முடியாதது ஒண்ணு இருந்தா, ஆண்டவர்கிட்டப் போங்க. என்னைத் தாங்கினவர் உங்களையும் தாங்குவார். அக்கா வேலையை விட்டு உக்காருற நாளைத்தான் இப்ப ஜெபத்துல கேட்டுட்டு இருக்கேன். அவளுக்கு இன்னும் பதினாலாயிரம் தரணும்.