பனியன் துணியில் தொங்கிய ஸ்டாண்டு

கேமராவைத் தூக்குறவனைத்தான் ஊரு வீடியோக்காரன்னு சொல்லும். ஸ்டாண்டு தூக்குற தோளை யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. நூல் மூட்டையோ, கேஸ் சிலிண்டரோ, தூங்கிப்போன பேரப்புள்ளையோ, எதையாவது சுமந்துக்கிட்டு, இந்தத் தோளா அந்தத் தோளான்னு பாதி வழியில நின்னவங்க உங்கள்ல நிறையப் பேரு இருப்பீங்க. உங்ககிட்டச் சொன்னாத்தான் என் வலி எடுபடும்.

தொண்ணூறுகள்ல திருப்பூர்ப் பனியன் கம்பெனிகள்ல வருசத்துக்கு ஒருக்கா வேலைக்காரங்களை பஸ் வச்சு டூர் கூட்டிக்கிட்டுப் போவாங்க. நான் அஞ்சாவதோட நின்னவன்தான், ஆனா கேமரா ஓட்டத் தெரியும். ஒரு கம்பெனிக்கு ஊட்டி டூரை, கேமராவைத் தோள்ல வச்சே எடுத்துக் குடுத்தேன். படம் ஆடுன ஆட்டத்துல முதலாளியோட அம்மாவுக்குத் தலை சுத்தி, டிவியை நிறுத்தச் சொல்லிட்டாங்களாம். அடுத்த வருசம் தீம் பார்க்குன்னு முடிவாச்சு. முதலாளி கூப்பிட்டாரு. "தை மாசம் எம்புள்ள கல்யாணமுங்க. இந்தத் தடவை படம் ஆடலீன்னா அதுக்கும் நீங்களே. ஆடுச்சுன்னா வேற ஆளப் பாத்துக்கறேனுங்க." நான் போயி மூணு கால் ஸ்டாண்டு ஒண்ணு வாங்கினேன். மடிச்சா என் இடுப்பு உயரம். தூக்குனா நாலஞ்சு செங்கல்லைக் கட்டித் தூக்குன கனம்.

யானை

வலது தோள்ல கேமரா. அதனால ஸ்டாண்டு இடது தோள்ல தொங்கணும். தொங்க ஒரு வார் வேணும். தோல் கடைக்குக் கிளம்பினவனைக் கம்பெனி டைலர் பழனிச்சாமி மறிச்சுக்கிட்டாரு. பனியன் தைக்கற ஊர்ல இருந்துக்கிட்டு வாருக்குக் கடைக்குப் போறதான்னு அவருக்கு ரோசம். நல்ல பருத்திப் பனியன் துணியை நாலு மடிப்பா மடிச்சு, ரெண்டு தடவை தையல் ஓட்டி, உறையும் வாருமா ஒட்டுக்காத் தைச்சுக் குடுத்தாரு. தோளுக்குப் பஞ்சு மெத்தையாட்டம் இருந்துச்சு. நான் இழுத்து இழுத்துப் பார்க்கறதைக் கண்டுட்டு அவரு சொன்னாரு: "யானையக் கட்டி இழுத்தாலும் அறுகாதுங்க, நானு கேரண்டி."

கேட்டுல

தீம் பார்க் வாசல்ல வெளிச் சாப்பாட்டை உள்ள விட மாட்டாங்க. நம்ம ஆளுக பஸ்ஸுல புளிச்சோத்து வாசத்தோட வந்து இறங்கினதால, காவக்காரருக்கு எல்லார் மேலயும் சந்தேகம். என் உறையை அமுக்கிப் பார்த்தாரு, மோந்து பார்த்தாரு, அவுக்கச் சொன்னாரு. உள்ள இரும்பா மூணு காலு. "கேமரா வெக்கறதுங்க" சொன்னேன், காதுலயே வாங்கல. விரிச்சுக் காட்டினேன். சுத்தி வந்து பார்த்துட்டுக் கேட்டாரு: "அடுப்பு முக்காலி இங்க இருக்குது, அண்டா எந்தப் பையிலங்க?"

சைஸ்

பத்து மணிக்கு இடுப்புல தொங்குன ஸ்டாண்டு பதினொண்ணுக்கு முழங்காலை இடிச்சுது. பெரிய ராட்டினத்துக்கிட்டப் போறதுக்குள்ள கணுக்காலைத் தட்ட ஆரம்பிச்சுருச்சு. பழனிச்சாமி சொன்னது பொய்யில்லீங்க, வார் அறுகவே இல்ல. நீண்டுக்கிட்டே போச்சு. பனியன் துணி பின்னல் துணி, இழுத்தா வரும். தினமும் அதுலயே கிடக்கற ஊரு, இருந்தும் ஒருத்தருக்கும் அது தோணல, எனக்கும்தான். முடிச்சுப் போட்டேன். அந்த முடிச்சும் நீண்டுச்சு. இன்னொண்ணு போட்டேன், இப்படியே ஏழாச்சு. ஏழு முடிச்சும் வரிசையாத் தோள்ல கடிச்சுக்கிட்டு நிக்க, ஸ்டாண்டு மறுபடியும் தரையில கோடு கிழிச்சுக்கிட்டே வந்துச்சு. செக்கிங்ல வேலை செய்யற ராமாத்தாக்கா என் பின்னாலயே வந்து, துணியைச் சோதிக்கற கண்ணாலயே பார்த்துட்டுச் சொன்னாங்க: "காலைல ஸ்மாலா இருந்துச்சு, இப்ப டபுள் எக்ஸெல் ஆயிப்போச்சு தம்பி."

எலாஸ்டிக்

பழனிச்சாமிக்கு மானப் பிரச்சனை. சட்டைக் காலர்ல எந்நேரமும் ஊசி குத்தியிருக்கற மனுசன். பைக்குள்ள ஜட்டிக்கு வைக்கற எலாஸ்டிக் சுருளும் இருந்துச்சு. என்னை நிக்க வச்சே வாரை வெட்டி எலாஸ்டிக்கைக் கோத்துட்டாரு. நடந்து பார்த்தேன். நான் ஒரு அடி வச்சா ஸ்டாண்டு ரெண்டு குதி குதிச்சுது. நான் நின்ன பொறவும் அது நிக்கல. டிக்கெட் வரிசையில முன்னால நின்ன அம்மா, எங்க ஆளுக இல்ல, ஆரோ, மூணு தடவை உதை வாங்கிட்டுத் திரும்பினாங்க. "ஏனுங்க, இதுல உங்க காலு எது, அதோட காலு எது? ஆரைத் திட்டறதுன்னே தெரியலீங்க!"

நீச்சல் குளத்தோரம்

அலையடிக்கற குளத்தோரமா ஒரு வழியா ஸ்டாண்டை விரிச்சு நிறுத்தினேன். பேட்டரி பஸ்ஸுல இருந்துச்சு. எடுத்துக்கிட்டு வர்றதுக்குள்ள என் ஸ்டாண்டைக் காணோம். இருந்த இடத்துல ஒரு துணிக்கொடி. நாலு ஈரத்துண்டு, ரெண்டு பாவாடை, மேல கேமரா மாட்டற இடத்துல சின்னப் புள்ளையோட ஜட்டி. எனக்கு வந்த கோவத்துக்கு, ஒவ்வொண்ணா உருவப் போனேன். தண்ணிக்குள்ள இருந்து ராமாத்தாக்கா கத்தினாங்க: "காஞ்சதும் நாங்களே எடுத்துக்கறோம், அதுவரைக்கும் அதை ஆட்டாம நில்லு தம்பி!"

சோமனூர்க்காரர்

மத்தியானச் சாப்பாட்டுக்கு மரத்தடியில உக்காந்து தோளை உருவிக்கிட்டு இருந்தேன். கை மேல தூக்க வரல. பகல் பாதி போயிருச்சு. ராட்டினத்துல ஒண்ணையும் எடுக்கல. கல்யாண வீடியோ கையை விட்டுப் போறது கண்ணுக்கு முன்னால தெரிஞ்சுது. பக்கத்துல வேற பஸ்ஸுல வந்த ஒருத்தரு. சோமனூர்ல தறி போட்டிருக்கறவராம். ஏழு முடிச்சையும் எலாஸ்டிக்கையும் தொட்டுப் பார்த்தவரு, தன் தோள்ல கிடந்த காடாத் துண்டை எடுத்து முறுக்கினாரு. தறியில நெய்ஞ்ச துணி, இழுத்தாலும் நீளாது. ஒரு முனையை ஸ்டாண்டோட கழுத்துல, மறு முனையை மூணு காலையும் சேத்து அடியில கட்டி, முதுகுக்குக் குறுக்கா மாட்டிவிட்டாரு. கனம் ஒரு தோள்ல தொங்காம முதுகு பூரா பரவிருச்சு. ரெண்டு கையும் சும்மா. நடந்தேன், ஓடிக்கூடப் பார்த்தேன்; அசையல. துண்டைத் திருப்பிக் குடுக்கப் போனா வாங்கல. "வெச்சுக்கங்க. ஊருக்கே பனியன் போட்டு உடறீங்க, ஒரு சாமானத்தை முதுகுல கட்டறதுக்கு எங்க தறித்துணிதான் வேணும் போல."

ஆட்டம்

மத்தியானத்துக்கு மேல றெக்கை முளைச்சாப்பல சுத்துனேன். எங்க வேணாலும் ஸ்டாண்டை இறக்கி விரிச்சேன். அங்கதான் அடுத்த சனியன். ஸ்டாண்டை விரிச்சதும் ஆளுக சிலையாயிட்டாங்க. ராட்டினம் சுத்துது, அதுல இருக்கறவங்க ஓட்டர் கார்டு போட்டோவுக்கு உக்காந்தாப்பல விறைச்சுக்கிட்டு. கீழ நாப்பது பேரு வரிசை கட்டிக் கையைத் தொடையில ஒட்டிக்கிட்டு. "இது வீடியோங்க, ஆடுங்க, கையையாவது ஆட்டுங்க!"ன்னு தொண்டை கிழியக் கத்துனேன். பல்லை மட்டும் காட்டுனாங்க. முதலாளிகிட்டச் சொல்லலாம்னா, அவரு வெயில் தாங்காம பஸ்ஸுலயே படுத்துட்டாரு.

திரும்பற நேரத்துலதான் விசயம் தெரிஞ்சுது. காலைல பஸ்ஸுல முதலாளி மைக்கைப் பிடிச்சு, "இந்த வருசம் வீடியோ ஆடக்கூடாது"ன்னு சொன்னாரு. என்னைப் பார்த்துத்தான் சொன்னாரு. கரகர மைக்குல, பின் சீட்டு வரைக்கும் போனப்போ அது வேறயாயிருச்சு. ராமாத்தாக்கா பாவம்போலக் கேட்டாங்க: "வீடியோவுல ஆரும் ஆடக்கூடாதுன்னு முதலாளியே சொல்லிப்போட்டாரு, அப்பறம் நீ ஆடுங்கற, நாங்க ஆரு சொல்றதைக் கேக்கறது தம்பி?"

கேசட்டு

கம்பெனியில டிவி வச்சு எல்லாரும் உக்காந்து பார்த்தாங்க. முதலாளியோட அம்மா முன் வரிசையில. படம் ஒரு இம்மி ஆடல. அதுல இருந்த மனுசரும் ஆடல. முக்கா மணி நேரம் பார்த்துட்டு அந்த அம்மா, "டிவி கெட்டுப் போச்சா கண்ணு, படம் நின்னே கிடக்குது?"ன்னு மகனைக் கேட்டாங்க. பழனிச்சாமிதான் முதல்ல சிரிச்சது. அப்பறம் ஹாலே சிரிச்சுது. தன் வாயால வந்த வினைன்னு ராமாத்தாக்கா மூலமாத் தெரிஞ்சதும் முதலாளியும் கண்ணுல தண்ணி வரச் சிரிச்சாரு. சிரிச்சு முடிச்சு, என் முதுகுல தட்டிச் சொன்னாரு: "கல்யாணத்துக்கு நீங்களே வாங்க. ஸ்டாண்டு மட்டும் உங்கூட்டுலயே இருக்கட்டுமுங்க."

இத்தனை வருசத் தொழில்ல நான் கண்டது இதுதானுங்க: ஸ்டாண்டைக் கொண்டு வாங்கன்னு சொன்னாலும் நோகறது நம்ம தோளு, கொண்டு வராதீங்கன்னு சொன்னாலும் கேமராவைச் சுமந்து நோகறது நம்ம தோளுதான்.