வாஷிங் மெஷின் இருந்த இடம்

எங்க வீட்டுல வாஷிங் மெஷின் இருந்த இடத்துல ஒரு பெரிய மனுஷி விழுந்து கும்பிட்டிருக்கா. இத நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசும். சவம், இத எங்க போயி சொல்ல? இங்கன எழுதியாவது வைக்கேன்.

சுனாமி வந்து மூணு நாலு வருஷம் ஆகியிருக்கும். எனக்க மக அப்பம் கல்கத்தாவுல வேலை. ஒரு வங்காளி அம்மாவுக்க வீட்டு மாடியில வாடகைக்கு இருந்தா. மாசிமா, மாசிமாண்ணு போன்ல ஒரே பேச்சு. மாசிமான்னா சித்தி மாதிரியாம். மகளுக்கு டைபாய்டு வந்து கிடந்தப்போ கஞ்சி ஊட்டி, தலை துடைச்சு, பெத்தவ நான் செய்ய வேண்டியத எல்லாம் அவங்கதான் செஞ்சது. நான் இங்க கன்னியாகுமரிப் பக்கம் கொட்டாரத்துல இருந்து போன்ல அழுததோட சரி.

அந்த மாசிமாவுக்கு வாழ்க்கையில ஒரே ஒரு ஆசை. கன்னியாகுமரியில கடல் நடுவுல பாறை கிடக்கே, அவங்க ஊரு துறவி நீந்திப்போய்த் தியானம் இருந்த பாறை, அதுல ஒரு தடவை கால் வைக்கணும். அவங்க அப்பா தினமும் விடியக்காலம் அந்தத் துறவி எழுதினத உரக்க வாசிப்பாராம். கேட்டுக் கேட்டு சின்ன வயசுலயே விழுந்த ஆசை. முட்டுவலியோட, ரெண்டு நாள் ரயில்ல இருந்து, எனக்க மகளோட வந்து இறங்கினாங்க. கையில இருந்தது ஒரே ஒரு பகல். ராத்திரி திரும்ப ரயில்.

எனக்கு அந்தத் துறவியப் பத்தி என்ன தெரியும்? காலண்டர்ல கையக் கட்டிக்கிட்டு தலைப்பாவோட நிப்பாரு, அவ்வளவுதான். பாறைக்குப் போனதே கிடையாது. பக்கத்துலதானே கிடக்கு, எப்பம் வேணும்னாலும் போலாம்ணு அப்படியே வயசு போயிட்டு. உள்ளூர்க்காரி எவ அந்த வெயில்ல கியூ நிப்பா? ஆனா மாசிமா எனக்க கையப் பிடிச்சுக்கிட்டு ஏதோ கேட்டாங்க. மக தமிழ்ல சொன்னா, "அம்மா, நீ பாறைக்கு எத்தன தடவை போயிருக்கேண்ணு கேக்காங்க."

"அது கெடக்கு, எத்தனையோ தடவை போயாச்சுண்ணு சொல்லு மக்கா," என்னேன்.

அவங்க எனக்க கைய எடுத்து கண்ணுல ஒத்திக்கிட்டாங்க. அதுலயே நான் சுதாரிச்சிருக்கணும்.

மீன் தொட மாட்டாங்கண்ணு மக முன்னமே சொன்னதால அவியல், எரிசேரி, புளிசேரி, பாயசம்ணு ஆக்கி வச்சிருந்தேன். சாப்பிடும்போது எங்க வீட்டுக்காரரு எடுத்து விட்டாரு பாருங்க. "அந்த சாமியாரு கடல்ல சாடுறதுக்கு முந்தி நம்ம வீட்டுலதான் கஞ்சி குடிச்சாரு. எங்க பாட்டாவுக்க பாட்டா கையால வாங்கிக் குடிச்சிட்டுதான் போனாரு."

எனக்கு உருட்டின சோறு கையிலயே நின்னுட்டு. இவருக்க பாட்டா குழித்துறைக்காரரு. கொட்டாரம் எந்தத் திக்குல இருக்குண்ணு அவருக்குத் தெரியாது. நாங்க இங்க மனை வாங்கி வீடு கட்டினது மக பிறந்த வருஷம். அது மகளுக்கும் தெரியும். அவ என்னப் பாத்தா, அப்பனப் பாத்தா. பொறவு அப்படியே வங்காளத்துல சொல்லிப்போட்டா.

மாசிமா இலையில இருந்து எந்திரிச்சிட்டாங்க. எங்க இருந்து குடிச்சாருண்ணு கேட்டாங்க. இவரு ஒரு நிமிஷம் திருதிருண்ணு முழிச்சாரு. அடுக்களைக்குப் பின்னால கையக் காட்டி, "பழைய வீட்ட இடிச்சுட்டோம், ஆனா இடம் அதுதான்," என்னாரு. அங்கன வாஷிங் மெஷின் கெடந்துது. மேல என் உள்பாவாடை வேற. நான் ஓடிப்போய் அத எடுக்கதுக்குள்ள அவங்க முட்டுவலியோட தரையில விழுந்தாச்சு. நெத்தி தரையில பட்ட சத்தம் எனக்குக் கேட்டுது.

விழுந்தவங்க எந்திரிச்சு, அங்கனயே சம்மணம் போட்டுக் கண்ண மூடினாங்க. ஒரு மணி ஆச்சு, ரெண்டு ஆச்சு. படகுக்கு டிக்கெட் நாலு மணியோட நிறுத்திருவான். நான் வாசலுக்கும் உள்ளுக்குமா நடந்தேன். "இஞ்சேருங்க, நேரமாகுதுல்லா, எழுப்புங்களேன்."

"சும்மா கெட. தியானத்துல இருக்கவங்கள எழுப்பப்பிடாது," என்னாரு. குரல்ல ஒரு பெருமை வேற, கேட்டியளா! உண்மையிலயே பாட்டா கஞ்சி குடுத்த மாதிரி.

நான் தோள்ல தொட்டா போதும். ரெண்டு தடவை கிட்டப் போனேன். அந்த முகத்துல அப்படி ஒரு நிம்மதி. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு எழுப்புவேன்? எழுப்பி என்னத்தச் சொல்லுவேன்? தள்ளி வந்துட்டேன்.

நாலு அடிக்கப் போகும்போதுதான் அவங்களாக் கண்ணத் தொறந்தாங்க. காருல பறந்து போயும் டிக்கெட் ஜன்னல் அடைச்சாச்சு. மாசிமா கரையில நின்னு பாறையப் பாத்தாங்க. கடைசிப் படகு ஆளுகள இறக்கிக்கிட்டு இருந்துது. எனக்கு வெப்ராளம் தாங்கல, "ஏட்டி, உள்ளதச் சொல்லிரு, நம்ம வீட்டுல யாரும் கஞ்சி குடிக்கலண்ணு சொல்லிரு," என்னேன். மக முறைச்சா. மாசிமாகிட்ட ஏதோ சொன்னா. அவங்க சிரிச்சு எனக்க கன்னத்தத் தடவினாங்க.

"என்னட்டி சொன்ன?"

"நீங்க வந்தது எங்க பாக்கியம்ணு சொன்னேன். வேற என்னத்தம்மா சொல்ல?"

ரயில் ஏறும்போது மாசிமா சொன்னத மட்டும் ஒழுங்கா மொழிபெயர்த்தா. "பாறை எங்கயும் போயிராது. அவரு பசியாறின இடத்துல இருந்தாச்சு, அது போதும்."

அதுக்குப் பொறவு அவங்க இந்தப் பக்கம் வரல. முட்டு ஒத்துக்கிடல.

ஐஞ்சாறு வருஷம் கழிச்சு அவங்க மகன் வந்தான். எனக்க மக கல்யாணம் ஆகி சிங்கப்பூர் போயிட்டா, இடையில பேச ஆளில்ல. கையில துணி சுத்தின ஒரு சின்னச் செம்பு. என் கால்ல விழுந்துட்டு, நேரா அடுக்களைக்குப் பின்னால போனான். அம்மா சொல்லிட்டுப் போயிருக்காங்க. சாம்பல்ல கொஞ்சம் அந்தத் துறவி கஞ்சி குடிச்ச இடத்துல புதைக்கணுமாம்.

எங்க வீட்டுக்காரரு மோட்டார் போடுகேண்ணு கிணத்துப் பக்கம் போனவரு, போனவருதான்.

எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ் பத்தாம் கிளாஸ் இங்கிலீஷ். அத வச்சு, வேர்த்து விறுவிறுத்து, சொல்லிட்டேன். சாமியார் இங்க சாப்பிடல. இது புது வீடு. எல்லாம் பொய். அவன் செம்ப மார்போட சேத்துப் பிடிச்சுக்கிட்டு நின்னான். கோவப்படுவான்னு பாத்தேன். ஏசியிருந்தாக்கூட எனக்கு ஆறியிருக்கும். அவன் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டான்.

"அப்போ அம்மா பாறைக்குப் போகலையா?"

"நோ," என்னேன்.

சாயா வச்சது ஆறிப்போச்சு. அவன் தொடல. "வாங்க ஆன்ட்டி, போலாம்," என்னான். என்னையும் ஏன் கூப்பிட்டான்னு தெரியல. சேலைய மாத்திட்டு அவன் கூட இறங்கினேன்.

கியூவுல நின்னோம். படகு ஏறினோம். பாறையில இறங்கினதும் செருப்பக் கழட்டச் சொன்னாவ. அவன் குனியும்போது செம்ப எனக்க கையில தந்தான். நான் நினைச்சதவிட கனமா இருந்துது. நிமிந்தவன், ஒரு பக்கம் பெரிய மண்டபத்தையும் மறுபக்கம் சின்ன மண்டபத்தையும் பாத்தான்.

"அவரு தியானம் இருந்த இடம் எது ஆன்ட்டி? நீங்க எத்தனையோ தடவை வந்திருக்கீங்கண்ணு அம்மா அடிக்கடி சொல்லுவாங்க."

நான் அந்த வெயில்ல, அவனுக்க அம்மையக் கையில வச்சுக்கிட்டு, ரெண்டு பக்கமும் மாறி மாறிப் பாத்துக்கிட்டு நின்னேன்.