பிவிசி குழாய் வைத்த கம்ப்யூட்டர்

சூடாகி நின்றுபோகும் கம்ப்யூட்டரை எனக்குப் புரியும். குளிரக் குளிர நின்றுபோகும் கம்ப்யூட்டரை என்ன செய்ய? கேரளத்துத் தம்பானூரில் நானும் என் மச்சினனும் கல்யாண வீடியோ எடிட் செய்யும் கடை வைத்திருந்தபோது, அப்படி ஒரு குழப்பத்தில் மூன்று நாள் கிடந்தோம்.

கல்யாணம் எங்கள் தெரு அக்கா மகளுக்கு. அக்கா வள்ளியூர்க்காரி, பக்கத்து ஓட்டலில் வேலை. அவள் வீட்டுக்காரர் துபாயில். லீவு கிடைக்காததால் மகள் கழுத்தில் தாலி ஏறியதை அவர் பார்க்கவில்லை. அவரோடு ஒரே அறையில் தங்குகிறவர் ஊருக்கு வந்திருந்தார். சனிக்கிழமை ராத்திரி விமானம். அவர் கையில் சிடியைக் கொடுத்தனுப்ப வேண்டும். அவரை விட்டால் வேறு ஆள் இல்லை.

படத்தை சிடிக்கு மாற்ற எங்கள் மெஷினுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வேண்டும். ராத்திரி கட்டடத்துக்காரர் மெயினை அணைத்துவிடுவார்; பகலிலோ, சாயங்காலமானால் அரை மணி நேரம் கரண்டை நிறுத்துவார்கள். அதற்குள் முடியாவிட்டால் மறுபடி முதலிலிருந்து. அதனால் ஓவர்கிளாக் செய்தேன். பிராசசரை அதற்கு விதித்த வேகத்துக்கு மேல் ஓட்டுகிற வேலை அது. பத்திரிகை பார்த்துப் படித்தது. சூடு கூடும் என்று அதிலேயே எழுதியிருந்தான்.

சும்மா இருப்பேனா? சாலைக் கடைத்தெருவில் பிவிசி குழாயும் ஒரு வளைவும் வாங்கினேன். பிராசசர் மேலே காற்றைக் கீழே ஊதிக்கொண்டிருந்த ஃபேனைத் திருப்பிப் போட்டு, சூட்டை உறிஞ்சிக் குழாய் வழியாகப் பெட்டிக்கு வெளியே தள்ள வைத்தேன். திரையில் டிகிரி மளமளவென்று இறங்கியது. வியாழக்கிழமை, பாதி வேலையில் மெஷின் நின்றது. வெள்ளிக்கிழமை, காற்று கசிகிறதோ என்று குழாயில் டேப் சுற்றினேன். டிகிரி இன்னும் இறங்கியது. மெஷின் இன்னும் சீக்கிரம் நின்றது.

டீ கொண்டுவந்த அக்கா குழாயைப் பார்த்தாள்.

“புகைக்கூண்டெல்லாம் வச்சிருக்கியே தம்பி. உள்ள சோறு வேகுதா?”

“ஆறுதுக்கா, நல்லா ஆறுது. அதான் ஒண்ணும் விளங்கல.”

“ஆறினா சரி. அந்த மனுசன் நேத்தும் போன்ல கேட்டாரு, தாலி கட்டும்போது பிள்ள அழுதாளான்னு. நான் சொன்னா நம்ப மாட்டாராம், பாக்கணுமாம்.”

அவள் போனபிறகு மச்சினன் சொன்னான்: “அத்தான், நீங்க தொட்டதெல்லாம் சரியாவுது, மெஷினைத் தவிர. கேட்டோ?”

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு மறுபடி ஓடவிட்டோம். கொஞ்ச நேரத்தில் நின்றது. குழாயைப் பிடுங்கி எறியும் கோபத்தில் கையை உள்ளே விட்டவன், விரலை உதறிக்கொண்டு வெளியே எடுத்தேன். சுட்டது பிராசசர் இல்லை. அதன் பக்கத்தில் வரிசையாக இருந்த கறுப்புச் சில்லுகள், பிராசசருக்குக் கரண்டைப் பக்குவப்படுத்திக் கொடுக்கிற மாஸ்பெட்டுகள். அவற்றின் சூடு திரையில் வராது. ஃபேன் கீழே ஊதியபோது சிதறிய காற்றுதான் இத்தனை நாளும் அவற்றை ஆற்றியிருக்கிறது. அந்தக் காற்றைத்தான் நான் பத்திரமாகக் குழாய் போட்டு வெளியே அனுப்பிக்கொண்டிருந்தேன்.

குழாயைக் கழற்றி ஃபேனைப் பழையபடி திருப்பினேன். மச்சினன் பழைய போர்டு ஒன்றிலிருந்த அலுமினியத் தகட்டைத் துண்டு துண்டாக அறுத்தான். ஒவ்வொரு சில்லின் முதுகிலும் ஒவ்வொரு துண்டை, ஒன்றோடொன்று உரசி ஷார்ட் ஆகாமல், சூடு கடத்தும் பசையால் ஒட்டினோம். போதுமா என்று தெரியவில்லை. வேகத்தையும் ஒரு படி குறைத்தேன். அதுவும் போதுமா? பெட்டியின் பக்க மூடியைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்து, மறுபடி ஓடவிட்டேன். நாங்கள் இருவரும் வியர்வையில் ஊறினோம்.

கரண்ட் போவதற்குக் கால் மணி நேரம் முன்பு சிடி வெளியே வந்தது. அக்கா அதை முந்தானையில் சுற்றிக்கொண்டு ஆட்டோ ஏறினாள்.

அக்கா வீட்டுக்காரர் பார்த்தாராம். பிள்ளை அழவில்லை, கேமரா வெளிச்சத்தில் கண் கூசியிருக்கிறது, அவ்வளவுதான் என்றாராம். அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. நான் அந்த இடத்தைப் பத்துத் தடவை போட்டுப் பார்த்தேன், எனக்குத் தெரியவில்லை.

மெஷினைக் காப்பாற்றியது தகடா, ஃபேனா, குறைத்த வேகமா என்பதும் தெரியவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றான் மச்சினன். அந்தக் கடையை மூடும்வரை நான் எதையும் எடுக்கவில்லை.