அம்மன் கொடையும் தங்கச்சி ரத்தக்குழாயும்

இன்று காலை கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் நான் போட்ட சத்தத்துக்கு நாகலாபுரம் வரைக்கும் கரிசல் மண் இன்னொரு தடவை வெடித்திருக்கும்.

என் தங்கச்சிக்கு மூளை ரத்தக்குழாயில், அதுவும் குழாய் வளைகிற இடத்திலேயே, பட்டாணி அளவு வீக்கம். வெடித்தால் ஆள் மிஞ்சாது. "குழாய்க்குள் வைக்கிற வலைக்குழல், அதாவது ஸ்டென்ட், விறைப்பாக இருந்தால் அந்த வளைவில் படியாது. வளைவோடு வளைகிற ஸ்டென்ட் வரவழைத்திருக்கிறேன், நாளைக்கே வைத்துவிடலாம்" என்று மதுரை டாக்டர் சொல்லிவிட்டார்.

மதுரை பஸ்ஸில் ஏறப்போகிற நேரத்தில் அவள் புருஷன் ஓடிவந்து பையைப் பிடுங்குகிறார்.

"மச்சான், ஊர்ல அம்மன் கொடைத் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியாச்சு. ஊரெல்லையைத் தாண்டி ராத்தங்கப்பிடாது. கொடை முடியட்டும்."

"ஏ மாப்ளே, மேளக்காரங்களக் கூட்டியார நேத்து நீரு திருநெல்வேலியில ராத்தங்கலியா?"

"அது சாமி காரியம்லா!"

எனக்கு வந்த கோபத்தில் வானத்தையே கிழித்துத் துண்டாக உதறியிருப்பேன். அதற்குள் தங்கச்சி பையைத் திரும்பப் பிடுங்கிவிட்டாள்.

"இங்கன கெடந்து நான் செத்தா ஒங்களுக்குத் தீட்டு. கொடையே நின்னு போவும். பரவால்லியா?"

மாப்பிள்ளை ஆடிப்போனார். அடுத்த நொடி ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு அவளுக்கு சீட் பிடித்தார்.

ஆஸ்பத்திரிக்கு எதிரே பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து இதைத் தட்டுகிறேன். பெண்டாட்டி செத்துப்போவாள் என்று டாக்டர் சொன்னபோது அசையாத மனுஷன், கொடை நின்றுபோகும் என்றதும் அசைந்தார்.

இவரை என்ன செய்யலாம், மக்களே? தண்டனையைச் சொல்லுங்கள். ஸ்டென்ட் நல்லபடியாக வைத்து முடிந்த மறுநிமிஷமே நிறைவேற்றுகிறேன்.