ஆறுக்கு ஆறு

அந்தச் சார்ட்டை வரைந்தவள் நான்தான். வெள்ளைச் சார்ட் பேப்பரில் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் மேலே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு 'ட', அதற்குக் கீழே இரண்டு எழுத்து, அதற்கும் கீழே மூன்று என்று சிறுத்துக்கொண்டே போய், கடைசி வரியில் எறும்பு ஊர்ந்த மாதிரி எட்டு எழுத்துகள். கண் பரிசோதனைக்கு டாக்டர்கள் சுவரில் மாட்டுகிற அதே அட்டைதான். பள்ளிகளில் கண் முகாம் நடத்துபவர்கள் அதில் ஒன்றை முன்கூட்டியே பள்ளிக்கு அனுப்பியிருந்தார்கள். ஆசிரியர்களே பிள்ளைகளை ஒருமுறை வாசிக்கவைத்து, திணறுகிறவர்களைத் தனியாகக் குறித்துவைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. நான் அதைப் பார்த்து அச்சு அசலாகப் பிரதி எடுத்து, வகுப்புக்கு ஒன்றாகத் தொங்கவிட்டேன். என் கையெழுத்து அழகு என்று பெரிய டீச்சர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். எனக்கும் அன்றைக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

பெரிய டீச்சர் என்பது எங்கள் தலைமையாசிரியை. செட்டியார்பட்டிப் பக்கம் ஒரு சின்ன ஆரம்பப்பள்ளி அது. நான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து போனேன், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. இப்போது அவருக்குப் பாராட்டு விழா எடுக்கிறார்களாம், விழா மலர் போடுகிறார்களாம். "பெரிய டீச்சரப் பத்தி உங்க மனசுல இருக்கத ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க" என்று போனில் கேட்டார்கள். என் மனதில் இருப்பது இதுதான். மலரில் போடுவதும் குப்பையில் போடுவதும் அவர்கள் இஷ்டம்.

முந்தின வருஷ முகாமில் எங்கள் பள்ளியில் பத்துப் பதினைந்து பிள்ளைகளுக்குக் கண்ணாடி எழுதிவிட்டார்கள். தலைமையாசிரியர்கள் கூட்டத்தில் யாரோ அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். பெரிய டீச்சருக்கு அது பொறுக்கவில்லை. அவருக்குக் கண் பரிசோதனையும் ஒரு பரீட்சை, பரீட்சை என்றால் பள்ளியின் மானம். "இந்த வருசம் ஒரு பிள்ள தப்பா வாசிக்கப்படாது, பாத்துக்கோ" என்றார். ஒரு வாரம் முழுக்கக் காலையில் வாய்ப்பாடு சொல்வதுபோல ராகம் போட்டுச் சார்ட்டை ஒப்பித்தோம். நான் குச்சியால் தொடத் தொட நாலாம் வகுப்பே கத்தும். அதில் எல்லோருக்கும் முந்திக்கொண்டு, ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்கிற பிள்ளை ஒருத்தி இருந்தாள்.

அந்த ஜூனில்தான் வேறு பள்ளியிலிருந்து வந்து சேர்ந்தவள். அம்மா இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற கம்பெனியில் ஷிப்டு வேலை பார்த்தாள். கரும்பலகையில் எழுதிப்போட்டால் அந்தப் பிள்ளை பக்கத்துப் பிள்ளையின் நோட்டுக்குள் மூக்கை வைத்துப் பார்த்துத்தான் எழுதும். "ஏட்டி, காப்பியா அடிக்க?" என்று நானே அதன் காதைத் திருகியிருக்கிறேன். ஏன் அப்படி எழுதுகிறது என்று யோசித்ததே இல்லை. கேட்டதும் இல்லை.

ஜூலையில் முகாம் அன்று அது குச்சிக்காகக் காத்திருக்கவில்லை. பரிசோதிக்க வந்தவரின் குச்சி மூன்றாம் வரியில் இருக்கும்போது இது ஐந்தாம் வரியைச் சொல்லிக்கொண்டிருந்தது. முகமும் சார்ட்டைவிட்டுக் கொஞ்சம் விலகித்தான் இருந்தது. அவர் "கெட்டிக்காரியா இருக்கியே" என்று சிரித்துவிட்டு, பிள்ளையின் பரிசோதனை அட்டையில் இரண்டு கண்ணுக்கும் ஆறுக்கு ஆறு என்று எழுதினார். குறையே இல்லாத பார்வை என்று அர்த்தம். அவருக்கு அன்றைக்கு இன்னும் இரண்டு பள்ளி பாக்கி. நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். உறுத்தியது. உறுத்தியதோடு சரி.

நவம்பரில் அந்தப் பிள்ளையின் அம்மா பள்ளிக்கு வந்தாள். தண்ணீர்த் தம்ளரைப் பிள்ளை கையால் தடவித் தேடுகிறதாம், தெருவில் நடந்து போய் வாறுகால் சாக்கடையில் விழுந்துவிட்டதாம். பெரிய டீச்சர் பீரோவைத் திறந்து முகாம் அட்டையை எடுத்து மேசையில் போட்டார். "இங்க பாரும்மா, ஆறுக்கு ஆறு. கடைசி வரி வரைக்கும் வாசிச்சிருக்கா. செல்லம் குடுத்துக் கெடுத்து வச்சுட்டு இங்க வந்து கண்ணு தெரியலங்க. இப்பக் காட்டுதேன் பாரு." சொல்லிவிட்டு ஒரு ஸ்டூலைச் சத்தமில்லாமல் நகர்த்தி நடுவழியில் வைத்தார். பிள்ளையைக் கூப்பிட்டார். அது விறுவிறுவென்று வந்து, ஸ்டூலில் மோதிக் குப்புற விழுந்தது. உதடு கிழிந்து ரத்தம் வந்தது. பெரிய டீச்சர் சிரித்தார். "எம்புட்டு அழகா விழுதா பாத்தியா? சினிமாவுல சேத்துவிடு" என்றார். அந்தச் சிரிப்பு இன்றும் என் காதில் இருக்கிறது. நான் பிள்ளையைத் தூக்கிவிட்டேன். ஆனால் அந்த அட்டை பொய் என்று வாயைத் திறந்து சொல்லவில்லை. பெரிய டீச்சராவது தான் செய்தது சரி என்று நம்பியிருக்கலாம். எனக்கு அந்தச் சாக்கும் கிடையாது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் காட்டிய டாக்டர் அட்டையை முதலில் பார்த்தார், கண்ணை அப்புறம் பார்த்தார். நடிப்பு என்று சொல்லிச் சத்து டானிக் எழுதிக் கொடுத்து அனுப்பினார். வீட்டில் அப்பா பெல்ட்டை எடுத்திருக்கிறார். ஜனவரியில் மதுரைக்குக் கொண்டுபோன பிறகுதான், இரண்டு கண்ணிலும் பார்வை நரம்பு வெளிறிக் கிடக்கிறது, நடிப்பெல்லாம் இல்லை என்று தெரிந்தது. அதற்குமேல் காரணம் தெரியவில்லை. அங்கேயும் அந்த அட்டைதான் பேசியது. ஜூலையில் நன்றாக இருந்த கண் சில மாதத்தில் போயிருக்கிறது என்றால் நடுவில் ஏதோ நடந்திருக்க வேண்டும். அந்தக் கணக்கில்தான் மருத்துவம் நடந்தது. ஸ்டீராய்டு ஊசி போட்டுப் போட்டுப் பிள்ளையின் முகம் இட்லி மாதிரி உப்பிப்போனது.

இதையெல்லாம் அந்த அம்மா எனக்குச் சொன்னது பஸ்ஸில். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், மடவார் வளாகத்து வைத்தியநாதர் கோயிலுக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். என் பக்கத்தில் இடம் இருந்தது, உட்கார்ந்தாள்.

"நடுவுல என்ன நடந்துச்சுன்னு டாக்டர் கேட்டாரு டீச்சர். செப்டம்பர்ல காச்சல் வந்துச்சு. அரை மாத்திரதான் குடுக்கணும். ஷிப்டுக்கு நேரமாச்சு, சீக்கிரம் விடட்டும்னு முழு மாத்திரையக் குடுத்துட்டுப் போயிட்டேன். அதுலதான் கண்ணு போயிருக்கு. பிள்ளையோட அப்பாவும் அதத்தான் சொல்லுதாக. மருந்துப் பைய அவியளே வச்சுக்கிடுதாக, என்னையத் தொட விடுறதில்ல. பெத்த பிள்ளைக்கு ஒரு சொட்டு மருந்து ஊத்த எனக்கு உரிமையில்ல டீச்சர்."

ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். மறுவாரம் பெரிய டீச்சரிடம் சொன்னேன், நாம் போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று. அவர் தலையை நிமிர்த்தாமல் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "சொல்லேன். சார்ட்டு உன் கையெழுத்துல்லா" என்றார். நான் அதற்குப் பிறகும் மூன்று வாரம் சும்மா இருந்தேன். மூன்று வாரம் சாப்பிட்டேன், தூங்கினேன், பாடம் நடத்தினேன். அவரை நினைத்தால் வருகிற அருவருப்பைவிட, அந்த மூன்று வாரத்தை நினைத்தால் வருகிறதுதான் பெரிது.

அடுத்த ஊசிக்குத் தேதி குறித்திருப்பதாக அந்த அம்மா சொன்னபோது, நானும் வருகிறேன் என்று கூடவே மதுரைக்குப் போனேன். டாக்டர் முன்னால், அம்மாவையும் பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நான் சொன்னதை நம்பமாட்டாதவர்போலப் பார்த்தார். பிறகு பிள்ளையிடம் திரும்பி, "போர்டுல எழுதுறது உனக்கு எப்ப இருந்து தெரியலம்மா?" என்று கேட்டார்.

"ஒண்ணாப்புல இருந்தே தெரியாது சார்."

"ஏன் யார்ட்டயும் சொல்லல?"

"எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்."

அதுவரை அதனிடம் யாரும் கேட்கவில்லை. அட்டையிடம்தான் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"காரணம் என்னன்னு எனக்கு இன்னும் தெரியலம்மா" என்றார் டாக்டர். "ஆனா இது போன வருசம் வந்ததில்ல. பல வருசமா கொஞ்சங்கொஞ்சமா ஆயிருக்கு. காய்ச்சலுக்கும் மாத்திரைக்கும் இதுல சம்பந்தமே கிடையாது. ஊசி வேண்டாம்." பழைய தாளில் இருந்த தேதியை அடித்துவிட்டு வேறு எழுதினார். என் பக்கம் அவர் அப்புறம் திரும்பவே இல்லை.

காரணம் இன்றுவரை தெரியவில்லை. அந்தப் பிள்ளை இப்போது கல்லூரியில் படிக்கிறாள். போனில் எழுத்தைப் பெரிதாக்கிக் கண்ணோடு ஒட்டிவைத்துப் படிப்பாளாம், எதிரே நிற்பவர் முகம் தெரியாதாம். நாலாம் வகுப்பில் யாராவது உண்மையை எழுதியிருந்தால் பார்வை மிஞ்சியிருக்குமா என்றால், அதையும் யாராலும் சொல்ல முடியவில்லை. அடியும் ஊசியும் ஸ்டூலும் இல்லாமல் போயிருக்கும். அது போதாதா?

டாக்டர் அறையைவிட்டு வெளியே வந்ததும் நான் அந்த அம்மாவுக்கு முன்னால் போய் நின்றேன். அறைவாள், குறைந்தது மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். அதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்:

"அப்ப என் மாத்திரையில போகல, இல்ல டீச்சர்?"

"இல்லம்மா."

"நான் குடுத்ததால இல்ல?"

"இல்ல."

நான் சொன்னதில் அவள் காதில் விழுந்தது அது ஒன்றுதான். என் இரண்டு கையையும் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். "நல்லாருப்பீக டீச்சர். உங்க பிள்ளைக நல்லாருக்கும்" என்றாள். விரல்கள் நனைந்தன. நான்தான் செய்தேன் என்பதை இன்னொரு தடவை எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவளாக விடுகிற வரைக்கும் கையை அப்படியே கொடுத்துக்கொண்டு நின்றேன்.