மதுரை செல்லப்பாண்டிக்கு ஒரு பாஸ்

மைக் பிடிக்கிற வேலையில் இருக்கிற ஒரே வசதி, நம் முகம் யாருக்கும் தெரியாது என்பதுதான்.

தோற்கிற டீமுக்கு ரசிகராக இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள், நாமெல்லாம் ஒரே வார்டில் படுத்திருக்கும் பேஷண்டுகள். உங்களுக்காக ஒரு நல்ல சிரிப்பு எடுத்து வைத்திருக்கிறேன். ஆனால் இப்போது தர மாட்டேன். நான் அதற்காக ஆறு வாரம் காத்திருந்தேன், நீங்கள் ஆறு நிமிஷம் காத்திருக்கக் கூடாதா?

நான் அமீரகத்தின் ராஸ் அல் கைமாவில் பிளஸ் ஒன் படிக்கிறேன். சொந்த ஊர் திருச்சி என்று பாஸ்போர்ட் சொல்கிறது. கணக்கு சார், ஸ்கூல் பஸ் அக்கா, ஏசி ரிப்பேருக்கு வரும் பாய், எல்லோரும் என் தொண்டைக்குள் குடியிருக்கிறார்கள். ஒருமுறை எங்கள் பில்டிங் வாட்ச்மேன் குரலில் கதவுக்கு வெளியே நின்று "சார், காடி ஹட்டாவோ, போலீஸ் ஆயா" என்று வண்டியை எடுக்கச் சொன்னேன். அப்பா கைலியோடு கார் பார்க்கிங் வரை ஓடினார்.

இந்தத் திறமைக்கு ஒரு வேலையும் கிடைத்தது. எங்கள் பகுதியின் தொழில்முறை ஃபுட்பால் டீமான சேண்ட் ஃபாக்ஸஸுக்குத் தமிழ் ரசிகர் குழு ஒன்று உண்டு. நாங்கள் டீமைச் செல்லமாக 'நரிகள்' என்போம். குழுவின் ஆன்லைன் பேச்சு நிகழ்ச்சிக்கு 'வெள்ளிக்கிழமை ஊளை' என்று பெயர். அதை நடத்துகிறவன் நான். யார் பேசலாம், யாரை மியூட் செய்யலாம் என்று பட்டனைக் கையில் வைத்திருப்பவள் என் வகுப்பு யாஸ்மின், கீழக்கரைப் பெண். போன சீசனில் நரிகள் கடைசி இடம். கடைசியாக வந்த டீம்தான் புது சீசனுக்கு ஆட்டக்காரர்களைப் பங்கிடும் டிராஃப்டில் முதல் ஆளை எடுக்கலாம் என்பது எங்கள் லீக் விதி. அப்படித்தான் நாங்களும் ஏதோ ஒன்றில் முதலாவதாக வந்தோம். யாரை எடுப்பது, கோல்கீப்பரையா, ஸ்ட்ரைக்கரையா? ஊளை இங்கேதான் தொடங்கியது.

எந்த டிராஃப்ட்?

அந்த ஒரு வார்த்தை எங்களைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. வளைகுடாவில் ரொம்ப காலம் இருந்தவர்களுக்கு டிராஃப்ட் என்றால் ஒன்றுதான் தெரியும். அந்தக் காலத்தில் வீட்டுக்குப் பணம் அனுப்ப வங்கியில் வரிசையில் நின்று வாங்கிய காகிதம். ஒரு வெள்ளிக்கிழமை, "டிராஃப்ட்ல சரியா எடுத்தா ஒரே வருஷத்துல தலை நிமிர்ந்துடலாம்", "போன தடவை அவசரப்பட்டு எடுத்துட்டாங்க" என்று எல்லோரும் காரசாரமாகப் பேசிக்கொண்டிருந்தோம்.

சவூதியின் அல் கோபாரிலிருந்து ஒரு திருநெல்வேலிப் பெரியவர் சத்தமே இல்லாமல் அரை மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மைக்கை ஆன் செய்து, மிகுந்த அக்கறையோடு சொன்னார்: "ஏல, நானும் அப்பம் புடிச்சு கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன், இதுக்கா இவ்வளவு சண்டை? போன்ல ஆப் இருக்குல்லா, அதுல போட்டா அடுத்த நிமிசம் ஊர்ல கிடைச்சிரும், இப்பம் எவம்ல டிராஃப்ட் எடுக்கான்?"

செல்லப்பாண்டி பிறந்தார்

ஆரம்பத்தில் எங்களுக்கு ஒரே பேச்சாளர் சிவநேசன் அங்கிள். யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறைக்காரர். இங்கே சிமெண்ட் ஃபேக்டரியில் ஸ்டோர் கீப்பர், பள்ளிக்கூடக் காலத்தில் கோல்கீப்பர், இப்போதும் மனதளவில் கோல்கீப்பர். "உதைபந்தாட்டம் எண்டால் முதலில கோலைக் காக்கோணும்" என்று தொடங்கினால் நிறுத்த மாட்டார். எதிர்த்துப் பேச ஆளில்லை. எல்லோரும் "ஓகே அங்கிள்" என்று சொல்லிவிட்டு ஒவ்வொருவராக நழுவினார்கள். சண்டை இல்லாத விவாதத்தை யார் கேட்பார்கள்? என் பழைய போனிலிருந்து 'மதுரை செல்லப்பாண்டி, குவாரி சூப்பர்வைசர்' என்ற பெயரில் நானே உள்ளே நுழைந்தேன். குரல் மதுரையில் இருக்கும் என் மாமாவுடையது. அவர் அனுப்பும் வாய்ஸ் மெசேஜ்களில் எடுத்த பயிற்சி.

"வணக்கம்ணே. கோல்கீப்பரை எடுத்து என்னண்ணே பண்றது? வீட்டுக்குள்ள ஒரு சாமான் இல்ல, அதுக்குள்ள பூட்டு வாங்கணும்னு நிக்கிறீங்களே" என்றேன். அங்கிளுக்கு உயிர் வந்துவிட்டது. "செல்லப்பாண்டியர், பூட்டில்லை எண்டாலும் பரவாயில்லை, எங்கட வீட்டுக்குக் கதவே இல்லை. போன சீசன் எங்கட கோலுக்குள்ள போய் வந்த கூட்டம் கடற்கரைக்குக்கூடப் போகேல்லை" என்றார். என்னைத் 'தம்பி', 'நீர்' என்கிறவர், செல்லப்பாண்டியை முதல் நிமிஷத்திலிருந்தே 'நீங்கள்' என்றார். பெயருக்குப் பின்னால் ஓர் 'அர்' வேறு. ஆட்கள் திரும்பி வந்தார்கள். நான் பூரித்துப் போயிருந்தபோது யாஸ்மினிடமிருந்து ஒரு மெசேஜ்: "உனக்கும் அந்த மதுரைக்காரருக்கும் பின்னாடி ஒரே ஏசி சத்தம் கேக்குது, ஒண்ணை ஆஃப் பண்ணு."

அப்பாவின் கட்சி

இரண்டு மூன்று வாரத்தில் செல்லப்பாண்டிக்குத் தனி ரசிகர் கூட்டமே சேர்ந்துவிட்டது. எனக்குக் கிடைக்காத மரியாதை எல்லாம் அவருக்குக் கிடைத்தது. அவருக்குச் சளி பிடித்தபோது கஷாயம் போடும் முறையை மூன்று பேர் அனுப்பினார்கள். சளி பிடித்தது எனக்கு. எனக்கு யாரும் அனுப்பவில்லை.

அப்பா காரில் வரும்போது நிகழ்ச்சியைக் கேட்பார் என்பது எனக்குத் தெரியாது. ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் சப்பாத்தியைப் பிய்த்துக்கொண்டே நிதானமாகச் சொன்னார்: "உன் ப்ரோக்ராம்ல உருப்படியாப் பேசுறது அந்தச் செல்லப்பாண்டி ஒருத்தர்தான், நீ வாக்கியத்துக்கு நாலு 'லைக்' போடுற, அவர் கால்ல விழுந்தாவது கொஞ்சம் தமிழ் கத்துக்க."

இரண்டு பேர் வந்தால்தான் பாஸ்

இந்தக் கட்டத்தில் நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்துவதற்குள் கிளப்பிலிருந்து ஒரு செய்தி வந்தது. டிராஃப்டுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோச் ரசிகர்களைச் சந்திக்கிறார். ஒவ்வொரு குழுவிலிருந்தும் இரண்டு பேர் வரலாம், கோல்கீப்பர் கட்சிக்கு ஒருவர், ஸ்ட்ரைக்கர் கட்சிக்கு ஒருவர். ஒரு கட்சி மட்டும் வந்தால் அனுமதி இல்லை. நான் படித்து முடிப்பதற்குள் சிவநேசன் அங்கிள் குழுவில் பதில் போட்டுவிட்டார்: 'நானும் செல்லப்பாண்டியரும் வாறம்.' அதன் கீழே கட்டைவிரல்களாகக் குவிந்தன. அதில் ஒன்று அப்பாவுடையது.

அங்கிள் என்னைக் கூப்பிட்டார். குரலே மாறியிருந்தது. டியூட்டியை வேறொருவரோடு மாற்றிக்கொண்டாராம், சட்டை கூட எடுத்து வைத்துவிட்டாராம். ஃபேக்டரியில் அவர் ஃபுட்பால் பேச ஆரம்பித்தாலே "பாய், பாத் மே" என்று, அப்புறம் பேசலாம் என்பதுபோல் நகர்ந்துவிடுவார்களாம். ஒரு கோச் தன் முன்னால் உட்கார்ந்து, தான் சொல்வதைக் கேட்கப்போகிறார் என்பது அவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. செல்லப்பாண்டி வராவிட்டால் அவருக்கும் பாஸ் கிடையாது. கடைசியில் அவர் சொன்னது: "அவரை நேரில ஒருக்காப் பாக்கோணும் தம்பி, இவ்வளவு பிழையான விசயத்தை இவ்வளவு மரியாதையாக் கதைக்கிற மனுசனை நான் வேற எங்கயும் காணேல்லை."

யான்பு

செல்லப்பாண்டியை ஊர் கடத்துவது என்று முடிவு செய்தேன். கொல்ல மனம் வரவில்லை. எவ்வளவு என்றாலும் நான் வளர்த்த ஆள். "அண்ணே, திடீர்னு கம்பெனியில யான்புக்கு மாத்திட்டாய்ங்கண்ணே. இனி சவூதிதான். கூட்டத்துக்கு நம்மளால வர முடியாது" என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். பின்னணிக்கு ஏர்போர்ட் அறிவிப்பு வேண்டும் என்பதற்காக, அதையும் நானே மூக்கால் பேசி, அரபியில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று சேர்த்திருந்தேன். எனக்கே விமானத்தைப் பிடிக்க ஓட வேண்டும்போல் இருந்தது.

அங்கிளின் பதில் உடனே வந்தது. நான் தலையில் கை வைத்துக்கொண்டு கேட்டேன். மறுநாளே மாற்றல் ரத்தாகி, செல்லப்பாண்டி ராஸ் அல் கைமாவிலேயே இருந்துவிட்டார். அந்தப் பதில் இதுதான்: "அதுக்கென்ன, யான்புவில என்ரை மச்சான் இருக்கிறான், நீங்கள் கேம்ப் எதெண்டு மட்டும் சொல்லுங்கோ, இண்டைக்குப் பின்னேரமே புட்டும் மீன்குழம்பும் கொண்டுவந்து தருவான்."

மாற்று ஆள்

யாஸ்மின் நடைமுறை தெரிந்தவள். "உங்க வாப்பாவும் ஸ்ட்ரைக்கர் கட்சிதானே? செல்லப்பாண்டிக்குப் பதிலா அவரை அனுப்பு. கலாஸ், வேலை முடிஞ்சது" என்றாள். எனக்குத் தோன்றாத யோசனை. அப்பாவைக் கேட்டதும் அன்றைக்கே முடி வெட்டிக்கொண்டு வந்துவிட்டார். நானும் நிம்மதியாக ஒரு ஃபலாஃபல் சாண்ட்விச் சாப்பிட்டேன்.

பாதி சாண்ட்விச்சில் அங்கிளிடம் விஷயத்தைச் சொன்னேன். மீதி இறங்கவில்லை. அவர் கோபப்படவில்லை, அதுதான் கஷ்டம். மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்: "உம்மட அப்பா நல்ல மனுசன் தம்பி, ஆனா இவ்வளவு நாளும் நான் வாதாடினது செல்லப்பாண்டியரோட, அவருக்கு ஏலாதெண்டால் நானும் போகேல்லை, பாஸைத் திருப்பிக் குடுத்துவிடும்."

கடைசி ஊளை

ஞாயிற்றுக்கிழமைக்கு முந்திய வெள்ளி. என்னிடம் ஒரே வழி மிச்சமிருந்தது. செல்லப்பாண்டி எல்லோர் முன்னாலும் தோற்க வேண்டும். "நீங்க சொன்னதுதான் சரிண்ணே" என்று கோல்கீப்பர் கட்சிக்கு வந்துவிட்டால் வாதம் முடிந்தது, அங்கிளுக்கு வெற்றி. காலியான ஸ்ட்ரைக்கர் இடத்தில் அப்பா போய் உட்காரலாம். செல்லப்பாண்டியும் மானத்தோடு ஓய்வு பெறலாம். ஏசியை அணைத்தேன். வேர்த்துக்கொண்டே ஆரம்பித்தேன்.

"அண்ணே, நம்ம தோத்துட்டோம்ணே. கதவு இல்லாத வீட்டுக்குச் சாமான் எதுக்குன்னு நீங்க கேட்டீங்க பாருங்க, அன்னையிலிருந்து நமக்குத் தூக்கமே இல்ல. கோல்கீப்பரையே எடுக்கட்டும்ணே." குழுவில் ஒரே கைதட்டல் படங்கள். 'என்ன ஒரு பெருந்தன்மை' என்று அப்பா எழுதியிருந்தார். என் நடிப்புக்கு நானே அழுதுவிடுவேன்போல் இருந்தது. விடைபெறும்போது கம்பீரமாக ஒரு வரி வேண்டாமா? வீட்டில் ஃபுட்பால், ஸ்கூலில் ஃபுட்பால். அதைத் தமிழில் சொல்ல என் வாயில் இருந்தது ஒரே வார்த்தைதான், வாராவாரம் காதில் விழுந்த வார்த்தை. "நம்ம பொழப்பு கல்லு ஒடைக்கிறதுண்ணே. ஆனா இந்த உதைபந்தாட்டத்து மேல நாம வச்ச பாசம் இருக்கே, அது இங்கிட்டு நெஞ்சுக்குள்ள இருக்குண்ணே" என்று முடித்தேன்.

லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். அங்கிளின் பெயர் பக்கத்தில் மைக் பச்சையாகத்தான் இருந்தது.

"செல்லப்பாண்டியர்" என்றார். "இப்ப என்ன சொன்னனீங்கள், உதைபந்தாட்டமோ?"

"ஆமாண்ணே."

"மதுரையில கால்பந்து எண்டுதானே சொல்லுறவை? உதைபந்தாட்டம் எண்டுறது எங்கட பக்கத்துச் சொல்லெல்லோ."

"சில ஏரியாவுல சொல்லுவாய்ங்கண்ணே. வைகைக்கு அங்கிட்டு."

யாஸ்மின் தன் மைக்கை அவசரமாக மூடிக்கொண்டாள், அவள் சிரிப்பின் முதல் பாதி மட்டும் உள்ளே வந்துவிட்டது. அங்கிள் "ம்ம்" என்றார். இன்னொரு தரம் "ம்ம்ம்" என்றார், இந்த முறை கொஞ்சம் நீளமாக. எங்கள் மூவரைத் தவிர அந்த அறையில் யாருக்கும் எதுவும் விளங்கவில்லை, அப்பா இன்னமும் கைதட்டிக்கொண்டிருந்தார். பிறகு அங்கிள் தொண்டையைச் செருமிக்கொண்டு, நான் இத்தனை வாரமும் கேட்டுப் பழகிய 'நீங்களை' மெல்லக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "சரி தம்பி, நீர் ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வாரும், ஸ்ட்ரைக்கர் கட்சியையும் விட்டுக்குடுக்காதையும், எனக்குச் சண்டை பிடிக்க ஆள் வேணும், வரேக்க உம்மட பள்ளிக்கூட ஐடி கார்டை மறக்காமக் கொண்டுவாரும், வாசல்ல கேப்பாங்கள்."

"சரிங்க அங்கிள்" என்று நான் சொன்னது எந்த ஊர்க்காரர் குரலில் என்று யாஸ்மினாலும் கண்டுபிடிக்க முடியவில்லை, என்னாலும் முடியவில்லை.